பொங்கல் நேரத்தில் நீலகிரிக்குப் பறவை பார்க்க வருகிறீர்களா? உடுப்பிலும் சாமானிலும் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜனவரி பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "ஊட்டியில குளிர் எப்படி இருக்கு, என்ன ஜெர்கின் வாங்கலாம்?" பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் எங்கள் ஊர்க் குளிர் உச்சத்தில் நிற்கும் நாட்களில்தான் வருகிறது. சமவெளியிலிருந்து வருபவர்கள் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, இரண்டு மூன்று மணி நேரம் சோலை ஓரத்தில் அசையாமல் நிற்கிறார்கள். ஒரு மணி நேரத்திலேயே பல் கிட்டிப்போய், நீலகிரிச் சிரிப்பான் பறவை கூப்பிடத் தொடங்கும் நேரம் பார்த்து அறைக்குத் திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். வாங்கிய சாமானில் தரக்குறைவு இருக்காது. இந்த மலைக்கு எது தேவை என்று தெரியாமல் வாங்கியதுதான் காரணம்.

முதல் தவறு வீடியோவில் தொடங்குகிறது. குளிர்கால உடுப்பு பற்றித் தேடினால் அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் வீடியோக்கள்தான் நிறைய வரும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, நாம் கொண்டுபோவது பைனாகுலரும் நோட்டும்தான். ஆனாலும் விடியுமுன் போய், சத்தமில்லாமல், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பது இரண்டுக்கும் பொது என்பதால் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்படியே காப்பி அடிக்கத்தான் முடியாது. அங்கே பல இடங்களில் குளிர் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே, பனி கட்டியாகவே கிடக்கும், உடுப்பில் விழுந்தால் தட்டிவிடலாம். இங்கே ஜனவரிக் காலையில் பூஜ்யத்துக்கும் பத்து டிகிரிக்கும் நடுவில் இருக்கும், கூடவே ஈரம் இருக்கும். புல்லில் பனித்துளி, காற்றில் மூடுபனி, வடகிழக்குப் பருவமழை முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தூறல் வேறு. அங்கே கேட்பது பனியைத் தாங்கும் உடுப்பு. நமக்கு வேண்டியது ஈரத்தைச் சமாளிக்கும் உடுப்பு.

ஈரத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஐந்து டிகிரியில் காய்ந்த உடுப்போடு இருப்பவன் நன்றாக இருப்பான், பத்து டிகிரியில் நனைந்த உடுப்போடு காற்றில் நிற்பவன் நடுங்கிப்போவான். சில வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து வந்த என் அக்கா மகனைக் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போனேன். நல்ல விலையில் புது ஜெர்கின், கீழே ஜீன்ஸ். சோலைக்குப் போகும் வழியில் இடுப்புயரப் புல்லுக்குள் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம், தொடைவரை ஜீன்ஸ் நனைந்துவிட்டது. ஜீன்ஸ் துணி நனைந்தால் எளிதில் காயாது, காலோடு ஒட்டிக்கொண்டு குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏழு மணிக்கு, "மாமா, கால் இருக்கிறதே தெரியலை" என்றான். மேலே போட்டிருந்த ஜெர்கினால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனைக் கிளம்பும்போதே நான் வேறு பேண்ட் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி டி-ஷர்ட்டை உடம்போடு ஒட்டிப் போடுவதும் வேண்டாம், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு விடவே விடாது. ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் பாலியெஸ்டர் டிராக் பேண்ட்டும் அதே ரகப் பனியனும் பருத்தியைவிட எவ்வளவோ மேல், விலையும் குறைவு. கம்பளி இன்னும் நல்லது, ஓரளவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் சூடு விடாது. இறகு அடைத்த ஜாக்கெட் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது, காய்ந்திருக்கும்வரை அதற்கு ஈடு கிடையாது, ஆனால் நனைந்தால் இறகெல்லாம் கட்டிதட்டி ஒன்றுமில்லாமல் போய்விடும், எங்கள் மூடுபனிக்கு அதை நம்பி வராதீர்கள்.

இரண்டாவது தவறு, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது, ஒரே ஒரு தடித்த ஜெர்கினை நம்புவது. நடக்கும்போது உடம்பு தானே சூடு உண்டாக்கும். மேட்டில் பத்து நிமிடம் ஏறினால் அந்தத் தடித்த ஜெர்கினுக்குள் முதுகெல்லாம் வியர்த்துவிடும். மேலே போய் உட்கார்ந்ததும் அந்த வியர்வை குளிரத் தொடங்கும், அப்புறம் எவ்வளவு இழுத்து மூடினாலும் நடுக்கம் நிற்காது. வெளியிலிருந்து நனைவதும் உள்ளிருந்து நனைவதும் உடம்புக்கு ஒன்றுதான். அதற்குப் பதில் மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டி மெல்லிய தெர்மல், அதற்கு மேல் ஃபிளீஸோ கம்பளி ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் உண்மையில் சூட்டைக் காப்பது. இங்குள்ள தோடர் பழங்குடியினரின் பூத்துக்குளிப் போர்வையைப் பார்த்திருப்பீர்கள், தடித்த பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்தது. பருத்திதான், ஆனால் இரட்டையாக, தளர்வாகச் சுற்றிப் போர்த்துவதால் உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று நிற்கிறது. நம் ஆட்களோ ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கமான ஜெர்கினை வயிற்றை எக்கி ஜிப் போடுகிறார்கள், அந்தக் காற்று முழுக்க நசுங்கிப் போய்விடுகிறது. வெளி ஜாக்கெட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

அடுக்கைப் போட்டால் மட்டும் போதாது, நேரத்துக்குக் கழற்றவும் வேண்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. ஏற்றம் வருமுன் நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள், நின்றதும் குளிரத் தொடங்கும்வரை காத்திருக்காமல் உடனே போடுங்கள். இதை மட்டும் பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்வெட்டருக்காகக் கோயம்புத்தூர் மாலில் பெரிய தொகை செலவழிக்க வேண்டியதில்லை, ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்தியர்கள் கடை போட்டிருக்கிறார்கள், கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

எங்கே நிற்பது என்பதிலும் தவறு செய்கிறார்கள். உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது உண்மை. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும், மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு வந்தால் 12 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உறைபனி விழும் காலையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் மாதிரியான தாழ்வான இடங்களிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெள்ளை வெளேரென்று இருக்கும்போது பக்கத்து மேட்டில் ஒன்றுமே இருக்காது. கொடைக்கானலிலும் இப்படித்தான், ஏரிச்சாலை, ஜிம்கானா, கீழ்பூமி என்று பள்ளங்களில்தான் உறைபனி. விவசாயிகள் இளம் தேயிலைச் செடியை இலை தழை போட்டு மூடுவதும் அந்தச் சூடு வானத்துக்குப் போய்விடக் கூடாது என்றுதான். முந்தின ராத்திரி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், மறுநாள் காலை பள்ளத்தில் நிற்காமல் வெயில் முதலில் விழும் கிழக்குச் சரிவில் நில்லுங்கள். பறவைகளும் அங்கேதான் முதலில் வெயில் காய வரும்.

காலுக்கு வருவோம். குளிருகிறதே என்று இரண்டு சாக்ஸை ஒரே ஷூவுக்குள் திணிக்கிறார்கள். ஷூ இறுகினால் விரலுக்கு ரத்தம் போவது குறையும், இன்னும்தான் குளிரும். ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், அதைப் போட்டுப் பார்த்து வாங்கிய ஷூ, பையில் காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி, இது போதும். புல்வெளியில் நடப்பதென்றால் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் போடும் கம்பூட்ஸ் எந்த விலை உயர்ந்த டிரெக்கிங் ஷூவையும்விட நன்றாகக் காப்பாற்றும், மழை ஓயாமல் இருந்தால் அட்டைக்கும் அதுதான் பாதுகாப்பு.

உட்காரும்போது அடியில் ஒன்றும் போடாமல் பாறையிலோ ஈர மண்ணிலோ உட்காராதீர்கள், தரை சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு துண்டு ஃபோம் ஷீட் எடையே இருக்காது. இல்லையா, ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலை வழியாக உடம்புச் சூட்டில் பாதி போய்விடும் என்று சொல்வார்கள், அது மிகை. ஆனால் காதும் கழுத்தும் மூடியிருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும், குல்லாவும் மஃப்ளரும் கட்டாயம். மஃப்ளரை மூக்குக்கு மேல் இழுத்து விட்டால் மூச்சு மேலே போய்க் கண்ணாடியிலும் பைனாகுலரிலும் ஆவி படியும், வாய்க்குக் கீழே நிறுத்துங்கள். தடித்த கையுறையோடு பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்ப முடியாது, மெல்லிய கையுறை ஒன்றைப் போட்டு அதற்கு மேல் பெரிய கையுறை, பார்க்கும்போது மேலே இருப்பதை மட்டும் கழற்றலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு மேலாடை போடுவது இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. மானுக்கு அந்த ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது என்பதால் அவர்களுக்கு அது ஒத்துவருகிறது. பறவைகளுக்கு நம்மைவிட நன்றாகவே நிறம் தெரியும், அதனால் வெள்ளையும் பளிச் நிறங்களும் வேண்டாம், பாசி, மண் நிறம், காக்கி போதும். ராணுவ உடுப்பு மாதிரிப் புள்ளி போட்டது தேவையே இல்லை, சோதனைச் சாவடியில் வீண் கேள்விதான் வரும். நிறத்தைவிட முக்கியம் சத்தம். சில ரெயின்கோட் கை அசைத்தாலே சரசரவென்று கேட்கும், கடையிலேயே போட்டுக் கையை ஆட்டிப் பாருங்கள். அப்புறம், எந்த நிறம் போட்டாலும் காட்டுமாடு உங்களைப் பார்த்துவிடும், விலகித் தூரத்திலேயே நில்லுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கேமரா பேட்டரியையும் போனையும் உள் பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், மலையில் புறஊதாக் கதிரும் அதிகம், தொப்பி எடுத்து வாருங்கள். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் தண்ணீர் பாட்டிலும் வேண்டவே வேண்டாம், நீலகிரியில் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, அதைத் தின்று சாவது காட்டு விலங்குகள். எவர்சில்வர் பிளாஸ்க்கில் இனிப்பான சூடு டீ கொண்டு வாருங்கள். காட்டுப் பாதைக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அதை முன்பே வாங்கிவிடுங்கள்.

"சூடு ஏறட்டும்" என்று மது குடித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கும், சூடாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். கூட வந்தவர் விடாமல் நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஜிப்பைக்கூட மூட முடியாமல் தடுமாறினாலோ பறவையை விட்டுவிடுங்கள். ஈர உடுப்பைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, போர்த்தி, சுயநினைவோடு இருந்தால் சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நடுக்கம் நின்றும் ஆள் மந்தமாக இருந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது இன்னும் மோசமான நிலை.

ராத்திரி அறையில் செய்யும் தவறு உயிரையே எடுக்கும். குளிருகிறது என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ கரியையோ அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை மூடிவிட்டுத் தூங்காதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். கூடாரத்துக்குள்ளும் கூடாது. இன்னொரு கம்பளி கேளுங்கள், சுடுதண்ணீர்ப் பையைக் காலடியில் வையுங்கள்.

காலை முடிந்து அறைக்கு வந்ததும் கேமராவையும் பைனாகுலரையும் உடனே வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் உள்ளே வரை ஆவி படியும், நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். ஜிப்பை மூடியபடியே பையை அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஓரமாக வையுங்கள். அதற்குள் நனைந்த சாக்ஸைக் கொடியில் போட்டு, டீ குடித்து, பார்த்த பறவைகளின் பட்டியலை எழுதி முடித்துவிடலாம்.