உத்தரவாதக் காலத்துக்குள் அடிக்கடி உறைந்து நிற்கும் மடிக்கணினி: கடைக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

மூன்று வருட உத்தரவாதத்துடன் வாங்கிய மடிக்கணினி, மூன்றாவது வருடத்தில் வேலைக்கு நடுவே அப்படியே உறைந்து நிற்கத் தொடங்கினால், பழசாகிவிட்டது என்று சமாதானம் செய்துகொள்ளாமல் முதலில் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். நம் இலங்கையில் கணினிக் கடைகள் பல, சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வருட உத்தரவாதம் என்பது 350 நாட்கள் என்று அச்சிட்டிருக்கும். உங்கள் சீட்டிலும் அப்படி இருந்தால் மூன்று வருடம் என்பது 1050 நாட்கள்தான். நீங்கள் மனதில் வைத்திருக்கும் திகதிக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே அது முடிந்துவிடும். வெப்பத்தால் அச்சிடும் தாளில் தந்த சீட்டு என்றால் எழுத்து மங்கிப் போயிருக்கும். எஞ்சியிருப்பதை இன்றே படம் எடுத்து வையுங்கள். மடிக்கணினியின் அடியில் உள்ள தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் கொடுத்து அவர்களுடைய உத்தரவாதம் எந்த நாள்வரை என்பதையும் பாருங்கள். கடையின் திகதியும் அதுவும் ஒன்றாகவே இருக்கும் என்றில்லை.

வந்து வந்து போகும் பழுதுதான் உத்தரவாதக் காரரிடம் நிரூபிக்க மிகக் கடினமான பழுது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் போட்டுப் பார்க்கும்போது கணினி ஒழுங்காக வேலை செய்யும். “விண்டோஸ் அடித்துத் தருகிறோம்” என்பார்கள். ஒரு வாரத்தில் பழையபடி உறையும். கொழும்புக்கு அனுப்பினாலும், அங்கே அவர்கள் பார்க்கும் அரை மணி நேரத்தில் உறையாவிட்டால், பழுதில்லை என்ற குறிப்புடன் அது திரும்பி வரும். உத்தரவாத நாட்கள் இப்படித்தான் கரைகின்றன. ஆகவே கணினியோடு சேர்த்து, அது உறைகிறது என்பதற்கான சான்றையும் கையளிப்பதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம்.

அடுத்த முறை உறையும்போது பட்டனை அழுத்தி உடனே அணைத்துவிடாதீர்கள். கேப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே கணினி இன்னும் இயங்குகிறது, திரையோ ஒரு மென்பொருளோதான் நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளுடன் பி (B) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரையை இயக்கும் மென்பொருளான டிரைவர் மீளத் தொடங்கும், சில வேளை திரை உயிர் பெறும். விளக்கு அசையவே இல்லையென்றால் முழுக் கணினியும் நின்றுவிட்டது. இதைக் கைப்பேசியில் வீடியோவாக எடுங்கள். திரையின் மூலையில் நின்றுபோன நேரமும், அருகில் ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க் கடிகாரமும் ஒரே காட்சியில் தெரிந்தால் யாரும் மறுப்பதற்கில்லை. சார்ஜர் மாட்டியிருந்ததா, என்ன வேலை நடந்தது, அறை எவ்வளவு சூடு என்பவற்றையும் குறியுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலில் மட்டும் உறைகிறது என்றால் விசிறியையும் வெப்பத்தையும் சந்தேகிக்க அது நல்ல காரணம்.

விண்டோஸ் தானாகவே ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தேடும் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ (reliability) என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் வரும் பக்கத்தில், கணினி முறையாக அணையாத ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். அதைவிட ஆழமானது ஈவென்ட் வியூவர் (Event Viewer) என்ற விண்டோஸ் பதிவேடு. அதன் சிஸ்டம் பகுதியில் நீங்கள் எப்படியும் காணப்போவது கேர்னல்-பவர் 41 என்ற பதிவு. அது கணினி ஒழுங்காக அணைக்கப்படாமல் மீளத் தொடங்கியது என்று மட்டுமே சொல்லும், காரணம் சொல்லாது. அதற்குச் சற்று முன்னால் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற இலக்கம் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 7 என்றால் சேமிப்பு வட்டில் பழுதான இடம். 153 என்றால் வட்டு பதில் தராமல் அதே வேலையை மீண்டும் செய்ய நேர்ந்திருக்கிறது. ‘டபிள்யூஎச்ஈஏ-லொகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் வரும் பதிவு, பழுது வன்பொருளில் என்பதற்குச் சான்று. இவற்றைத் திகதியுடன் படம் எடுங்கள்.

இன்னும் வலுவான சான்று, கணினியோடு வரும் பரிசோதனையே. இயக்கியவுடன் எச்பி கணினிகளில் எஃப்2, டெல் கணினிகளில் எஃப்12, லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்10 விசையை அழுத்தினால் அது கிடைக்கும். நீண்ட சோதனையைத் தெரிவுசெய்து இரவு முழுவதும் ஓட விடுங்கள். தோல்வி என்றால் திரையில் ஒரு குறியீடு வரும். தயாரிப்பாளரின் சொந்தச் சோதனை தந்த குறியீடு என்பதால் அதை ஒதுக்கித் தள்ளுவது சேவை நிலையத்துக்குக் கடினம். “விண்டோஸ்தான் கோளாறு” என்ற வாதத்தை முறியடிக்க வேறு வழியும் உண்டு: விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். அங்கும் உறைந்தால் விண்டோஸ் மீது பழி போட இடமில்லை.

மென்பொருள் இற்றைப்படுத்தல், காற்றுத் துளைகளை வெளியிலிருந்து துடைத்தல் இவற்றோடு உங்கள் கை நிற்கட்டும். அடிமூடியைத் திறக்காதீர்கள், தெரிந்த தம்பி ஒருவர் திறந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். பற்றுச்சீட்டின் அதே சிறிய எழுத்தில் துரு, எரிந்த அடையாளம், உடைவு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் இருக்கும். கல்லடியிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கடலை அண்டிய வீடுகளில் உப்புக் காற்று உலோகத்தை அரிப்பது நமக்குத் தெரிந்ததே, ஆகவே கணினியைச் சன்னலோரம் வைக்காதீர்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தால் மட்டும் பொறுத்திருக்க வேண்டாம்: பற்றரி வீங்கியிருக்கலாம், உடனே அணைத்துச் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மடிக்கணினிக்கு மூன்று வருடம் தந்தாலும் பற்றரிக்கு ஒரு வருடமே தருவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையளிக்கும் முன் கோப்புகள் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் பிரதி எடுங்கள். வட்டை மாற்றினால் பழையது பொதுவாக உங்களிடம் திரும்பாது. வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரின் மீட்புத் திறவுகோலை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கிலிருந்து எழுதி எடுப்பது அதைவிட முக்கியம். மதர்போர்ட் மாற்றப்பட்டால் விண்டோஸ் அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். அவை இல்லாவிட்டால் வட்டு நன்றாக இருந்தும் உள்ளிருப்பதைத் திறக்க முடியாது. தொழில்நுட்பவியலாளருக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தனிப் பயனர் கணக்கு ஒன்று அமைத்துக் கொடுங்கள்.

கடையில் தரும் ஜொப் கார்டில் ‘ஹேங் ஆகிறது’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். “பாவிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முழுமையாக உறைகிறது, கேப்ஸ் லொக் விளக்கும் மாறுவதில்லை, வட்டுப் பரிசோதனை தோல்வி, குறியீடு இணைக்கப்பட்டுள்ளது” என்ற அளவுக்கு எழுதச் சொல்லுங்கள். தொடர் இலக்கம், கையளித்த திகதி, சார்ஜரும் கொடுத்தீர்களா என்பவை அதில் இருக்க வேண்டும். உத்தரவாதம் முடிவதற்குள் முறைப்பாடு செய்தீர்கள் என்பதற்கு அந்தத் தாளே ஆதாரம். கடை இழுத்தடித்தால் அதே விபரங்களைக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். பொருள் அதற்குத் தரப்பட்ட உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லை என்ற முறைப்பாட்டை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், சீட்டின் பிரதியுடன் கொடுங்கள், தாமதிக்காதீர்கள்.

கணினி திரும்பி வந்ததும் கையொப்பமிடும் முன் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை எழுதி வாங்குங்கள். பின்னர் முன்பு தோற்ற அதே பரிசோதனையை அன்றிரவே மீண்டும் ஓட விடுங்கள். திரும்பவும் தோற்றால் புதிய குறியீட்டுடன் மறுநாளே கடைக்குப் போங்கள்.