விறைப்புக் குறைபாட்டு மாத்திரை: போடும் முறையும் தவறும் இடங்களும்

"மாத்திரை போட்டும் கேக்கல" என்பவர்களில் பலருக்கு மருந்து தோற்கவில்லை, போட்ட விதம்தான் தவறு. இதற்குத் தரும் சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகள் இரண்டும் ஆசையை உண்டாக்காது. ஆசை எழும்போது ஆணுறுப்பில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், அதன் தொடர்ச்சியாக உருவாகும் ஒரு வேதிப்பொருள் ரத்தக்குழாயைத் தளர்த்தும், ரத்தம் பாயும். அந்த வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள். கூச்சத்தில் பலர் கும்பகோணம், திருவாரூர் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவரைத் தேடிப் போகிறார்கள். பெயரில்லாத பொடி, லேகியங்களில் இதே சில்டெனாஃபிலை அளவு தெரியாமல் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. டாக்டர் சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பார்ப்பார். இதயக்குழாய் அடைப்பின் முதல் அறிகுறியே சிலருக்கு விறைப்புக் குறைபாடுதான் என்பதால் இந்தச் சோதனைகளைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

சில்டெனாஃபில் பொதுவாக 50 மி.கி.யில் தொடங்கும், 65 வயது தாண்டியவர்களுக்கு 25. ஒரு மணி நேரம் முன்பு, கூடுமானவரை வெறும் வயிற்றில். கல்யாணப் பந்தியில் நெய்யும் பாயசமுமாகச் சாப்பிட்டுவிட்டோ, பரோட்டா, மட்டனுக்குப் பிறகோ போட்டால் வேலை செய்ய இன்னும் ஒரு மணி நேரம் பிந்தும். "கேக்கல" என்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நாலைந்து மணி நேரம் பலன் இருக்கும். டடாலாஃபில் 10 மி.கி.க்குச் சாப்பாடு தடையில்லை, 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். இரண்டில் எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். பலன் குறைவென்று அன்றைக்கே இரண்டாவது போடாதீர்கள். அளவைக் கூட்டுவதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆறேழு முறை சரியாகப் போட்டுப் பார்க்காமல் கைவிடவும் வேண்டாம். டாஸ்மாக் போய்விட்டு வந்து போட்டால் விறைப்பும் சரியாக வராது, தலையும் சுற்றலாம்.

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். சில மணி நேரத்தில் அடங்கும். டடாலாஃபிலுக்கு முதுகுவலியும் உண்டு.

உயிரை எடுப்பது வேறு விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் வகை மருந்து எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். மாத்திரை போட்டபின் நெஞ்சுவலி வந்தால், வீட்டில் யாருக்காவது வாங்கி வைத்த சார்பிட்ரேட்டை எடுத்து நாக்கடியில் வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரமும் அந்த ஆபத்து உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை எடுப்பவரும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விறைப்பு நாலு மணி நேரம் தாண்டி நின்றாலோ, திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.