நாற்காலி வாங்கப் போகுமுன் உங்கள் காலை அளந்துகொள்ளுங்கள்

2020 ஊரடங்கின்போது சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறை அலுவலகமானது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் இரண்டு மாதம் ஓட்டிய பிறகு, உயரமான முதுகும் தடித்த மெத்தையும் கொண்ட கறுப்பு ரெக்சின் நாற்காலி ஒன்றை வாங்கினேன். மேலாளர் அறைகளில் இருக்குமே, அந்த வகை. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபோது எழவே மனம் வரவில்லை. மூன்றாவது வாரம் இடுப்பு வலிக்கத் தொடங்கியது. என் தங்கை அதில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் மரத்துப்போகும். இரண்டாம் ஆண்டில் ரெக்சின் செதில் செதிலாக உரிந்து உடையில் ஒட்டியது. நாற்காலியைத்தான் வெகுநாள் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் உடம்பையும் மேசையையும் இந்த ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்காமல் வாங்கியதுதான் உண்மையான பிழை.

எல்லாரும் முதுகுச் சாய்வைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காலை. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை ஏறத்தாழ 38 செ.மீ. இருக்கும். கடைகளில் உள்ள பல நாற்காலிகளை அடிவரை இறக்கினாலும் இருக்கை 43, 44 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் நாம் வெறுங்காலோடு இருக்கிறோம். ஷூ தரும் இரண்டு மூன்று செ.மீ. உயரம் நமக்கு இல்லை. கடையில் செருப்போடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் கால் தொங்குகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பாதம் முழுதாகத் தரையில் படியாவிட்டால் தொடையின் அடிப்பகுதி இருக்கை விளிம்பில் அழுந்தும். தங்கைக்குக் கால் மரத்தது இதனால்தான்.

இருக்கையின் ஆழம் அடுத்தது. முதுகைச் சாய்வில் ஒட்டி உட்கார்ந்தால், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் உடம்பு தானாகவே முன்னே நகரும். இடுப்புக்கும் சாய்வுக்கும் நடுவே வெற்றிடம் விழும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த இடுப்புத் தாங்கல் இருந்தாலும் அது முதுகைத் தொடப்போவதில்லை. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி உள்ள நாற்காலி கிடைத்தால், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை. தலைத் தாங்கலுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

மேசையை மறப்பதுதான் நான் மிக அதிகமாகக் காணும் தவறு. நம் வீடுகளில் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். குள்ளமானவர் தன் காலுக்கு ஏற்றபடி நாற்காலியை இறக்கினால் மேசை நெஞ்சுக்கு வந்து, தோளைத் தூக்கியபடி தட்டச்சு செய்ய நேரும். மாலையில் கழுத்து இறுகிவிடும். கைக்கு ஏற்றபடி நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும். மேசையை அறுத்துக் குறைக்க முடியாதவர்கள் நாற்காலியை ஏற்றிவிட்டுக் காலுக்கு அடியில் ஏதாவது வையுங்கள். பழைய செய்தித்தாள்களை இறுக்கிக் கட்டி வைத்தாலே போதும்.

கைப்பிடியும் இதில் சேர்ந்ததுதான். உயரம் மாற்ற முடியாத கைப்பிடி மேசை விளிம்பில் இடித்தால் நாற்காலியை உள்ளே தள்ள முடியாது. திரையை எட்டுவதற்காக நாள் முழுக்க முன்னால் குனிந்தே இருப்பீர்கள். சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கும் கைப்பிடி முட்டியில் இடிக்கும். அவர்கள் மேலே மடித்துவிடக்கூடிய கைப்பிடியைக் கேட்டு வாங்கலாம்.

‘நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளியில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனால் சாய்வைச் செங்குத்தாகப் பூட்டிவைத்து, அதுவே நல்லது என்று நம்புகிறோம். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களிலேயே முதுகெலும்பின் இடைவட்டுகளுக்குள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள்) ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். சற்றே பின்னால் சாய்ந்து, முதுகுக்குத் தாங்கலும் கிடைத்தால் அழுத்தம் குறைகிறது என்பது அந்த வழியில் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. எனவே பூட்டை விடுவியுங்கள். இருக்கைக்கும் சாய்வுக்கும் நடுவே 100 முதல் 110 பாகை இருக்கும்படி சாய்ந்து வேலை செய்வதில் தவறில்லை. இருக்கைக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். சாய்வு எவ்வளவு எதிர்ப்புத் தரவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவரும் தொண்ணூறு கிலோ எடையுள்ளவரும் ஒரே இறுக்கத்தில் சாய முடியாது. வாங்கிப் பல ஆண்டுகளாகியும் அந்தத் திருகைத் தொட்டே பார்க்காதவர்கள் பலர். எந்த நிலையிலும் அசையாமல் கிடக்காதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீராவது குடித்துவிட்டு வாருங்கள்.

கடையில் ஏ.சி. ஓடும், உங்கள் அறையில் கத்திரி வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் ரெக்சினை வாங்கினால் வியர்வை வழிய இடமிருக்காது. நம் ஈரக்காற்றில் அது விரைவில் உரிந்தும்விடும். முதுகுக்கு வலைத்துணி, இருக்கைக்குத் துணியுறை போட்ட கெட்டியான ஃபோம் என்பதே சென்னைக்கு ஏற்றது என்பது என் எண்ணம். இருக்கையும் வலையாக இருந்தால் முன்விளிம்புச் சட்டம் தொடையில் குத்துகிறதா என்று பாருங்கள். ஃபோமை முஷ்டியால் அழுத்துங்கள்: அடிப்பலகை கையில் தட்டினால் ஓராண்டில் பள்ளம் விழும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டி இருப்பவர்கள் பளபளக்கும் குரோமிய அடிக்கால்களைத் தவிர்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். நைலானோ அலுமினியமோ நல்லது.

வழவழப்பான டைல்ஸ் தரைக்குக் கடினமான பிளாஸ்டிக் சக்கரம் ஆகாது. உட்காரும்போதே வழுக்கி ஓடும். ரப்பர் போன்ற மென்மையான விளிம்புள்ள சக்கரம் கேளுங்கள். புடைவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி எடுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் தரமான நாற்காலிகள் பழைய சாமான் கடைகளில் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அங்கே பத்து நிமிடமாவது அசையாமல் உட்காருங்கள். இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் பழுதாகியிருந்தால் இருக்கை மெல்ல இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். தங்கை இப்போது உட்காருவது அப்படி வாங்கியதில்தான். அதன் இருக்கை 40 செ.மீ. வரை இறங்கும். மேசைக்கு அடியில் விசைப்பலகைக்கு ஓர் இழுப்புத் தட்டு பொருத்தினோம். அவள் காலுக்கும் தரைக்கும் நடுவே எஞ்சிய இரண்டு செ.மீ.க்கு அம்மாவின் பழைய மணையைக் காலடியில் போட்டுக்கொண்டாள்.