பீடின், ஈஃபின் குழப்பம்: சீசனுக்கு முன்னாடியே முடிச்சு வைங்க

அமெரிக்காவுல காசு வாங்கிட்டு அடுத்தவங்களுக்கு டாக்ஸ் ரிட்டர்ன் போடுறீங்கன்னா மொதல்ல எடுக்க வேண்டியது பீடின் (PTIN), அதாவது ரிட்டர்ன் தயார் பண்றவருக்கு ஐஆர்எஸ், அதான் அமெரிக்க வரித்துறை, குடுக்கிற அடையாள எண். பி எழுத்து, அதுக்கப்புறம் 8 இலக்கம். இது ஆளுக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு இல்ல. "அண்ணே உங்க நம்பர்லயே போட்டுக்கவா"ன்னு கூட வேலை பாக்குற தம்பி கேட்டா ஒத்துக்காதீங்க, அவரே ரிட்டர்ன் தயார் பண்றாருன்னா அவருக்குன்னு தனியா எடுக்கணும். மச்சானுக்கு சும்மா போட்டுக் குடுத்தா எதுவும் வேணாம்.

டிசம்பர் 31 ஆனா பீடின் காலாவதி. அக்டோபர் நடுவுல ரினியூவல் தொறப்பாங்க, 2026-க்கு ஃபீஸ் 18.75 டாலர், ஆன்லைன்ல கால் மணி நேர வேலை, அதையே டபிள்யூ-12 ஃபார்ம்ல எழுதி தபால்ல அனுப்பினா ஆறு வாரம் ஆகும். ஏன் அந்தத் தலைவலி?

ஈஃபின் (EFIN) வேற. 6 இலக்கம், ஈ-ஃபைல் பண்ற, அதாவது ரிட்டர்னை ஆன்லைன்ல அனுப்புற நிறுவனத்துக்குக் குடுக்கிறது, இலவசம், வருஷா வருஷம் ரினியூவலும் கிடையாது. ஆனா கைக்கு வர 45 நாள் வரைக்கும் இழுக்கும், சிபிஏ (லைசன்ஸ் வாங்கின கணக்காளர்), ஈஏ (ஐஆர்எஸ் அங்கீகரிச்ச வரி ஆலோசகர்), வக்கீல் இல்லாதவங்க கைரேகையும் குடுக்கணும். 11 ரிட்டர்னோ அதுக்கு மேலயோ போடுவீங்கன்னா ஈ-ஃபைல் கட்டாயம், அதனால புதுசா ஆபீஸ் போடுறவங்க நவராத்திரி கொலு எடுத்து வைக்கிறதுக்குள்ள அப்ளை பண்ணிடுங்க. கடையை மூடுறவர்கிட்ட ஈஃபினை வாங்கி ஓட்டலாம்னு சிலர் சொல்லுவாங்க, நம்பாதீங்க, அது கைமாறாது.

எல்லாம் சரியா இருந்தும் ரிஜெக்ட் வரும். அதிகமா வர்றது ஐஎன்டி-031-04-ங்கிற கோட், போன வருஷ ஏஜிஐ (சில கழிவு போக மிச்ச மொத்த வருமானம்) ஒத்துப்போகலைன்னு அர்த்தம். நான் ஒரு தடவை கணவன் மனைவி ஜாயின்ட்டா போட்டவங்களுக்கு ஏஜிஐய ரெண்டாப் பிரிச்சு ஆளுக்குப் பாதின்னு போட்டுட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு சாஃப்ட்வேர் மேல பழியைப் போட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தேன், தப்பு என்னோடது. ரெண்டு பேருக்கும் அதே முழுத் தொகையைத்தான் போடணும். அமெண்ட் பண்ணியிருந்தாலும் மொதல்ல ஃபைல் பண்ண ரிட்டர்ன்ல இருந்த தொகைதான். போன வருஷ ரிட்டர்ன் இன்னும் ப்ராசஸ் ஆகலைன்னா 0 போட்டுப் பாருங்க.

கடைசி நாள்ல ரிஜெக்ட் ஆனா பதறாதீங்க, தனிநபர் ரிட்டர்னைத் திருத்தி அனுப்ப 5 நாள் இருக்கு.

நம்மாளுங்க நிறைய பேர் எச்4 விசால வந்த மனைவிக்கு ஐடின் (ITIN, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடைக்காதவங்களுக்கான வரி எண்) கேட்டு வருவாங்க. அந்த ரிட்டர்னுக்கு ஈ-ஃபைல் கிடையாது, ஐடின் கேக்குற டபிள்யூ-7 ஃபார்மை ரிட்டர்னோட சேத்து ஆஸ்டின்ல இருக்கிற ஐஆர்எஸ் ஆபீஸுக்குப் பேப்பர்ல அனுப்பணும். ரீஃபண்ட் லேட்டாகும்னு அன்னைக்கே சொல்லிடுங்க, இல்லன்னா வாராவாரம் போன் வரும்.