கேவல்ரியா, டாங்க் யூனிட்டா, இன்ஃபன்ட்ரியா? பிரிச்சுப் பாக்கற வழி

ஆவடி பக்கம் இருக்கறவங்களுக்கு டாங்க் ஒண்ணும் புதுசில்ல, ஃபேக்டரியே நம்ம ஊர்லதான, ஆனா டாங்க் இருந்தாலே கேவல்ரின்னு முடிவு பண்ணிடாதீங்க. வண்டிய விடுங்க, அந்த யூனிட்டுக்கு என்ன வேலைன்னு மொதல்ல கேளுங்க.

டாங்க் பட்டாலியன் மொத்தமா சேந்து ஒரே எடத்துல அடிச்சு எதிரிய ஒடைக்கும். இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை, எடத்தப் புடிச்சு அங்கயே நிக்கும், ஊருக்குள்ள பங்கருக்குள்ள எறங்கித் தேடறதும் அவங்கதான். கேவல்ரி, அதாவது அந்தக் காலத்து குதிரைப்படையோட வாரிசு, எல்லாருக்கும் முன்னாடி போகும், எதிரி எங்க இருக்கான் எவ்ளோ பேருன்னு பாக்கணும், சும்மா பாத்து தெரியலன்னா சண்ட போட்டாவது தெரிஞ்சுக்கணும், பின்னாடி பெரிய படை வந்து சேர்ற வரைக்கும் அவன நகர விடக்கூடாது.

அடுத்து, உள்ள யாரெல்லாம் கலந்திருக்காங்கன்னு பாருங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். 1991 வளைகுடாப் போர்ல அமெரிக்க ஆர்மர்ட் கேவல்ரி ரெஜிமெண்ட்ல ட்ரூப்ங்கற ஒரு சின்ன படைய நடத்தற கேப்டன் கைலயே 9 ஏப்ரம்ஸ் டாங்க், கூட பிராட்லிங்கற ஆள் ஏத்திட்டுப் போற கவச வண்டிங்க, மோர்ட்டார்ங்கற குட்டி பீரங்கி எல்லாம் நிரந்தரமா இருந்துச்சு, அதுக்கு மேல, பல ட்ரூப் சேந்த ஸ்குவாட்ரனுக்கு சொந்த பீரங்கி, ரெஜிமெண்ட்டுக்கு சொந்த ஹெலிகாப்டர். டாங்க் பட்டாலியன்ல பெரும்பாலும் டாங்க்தான் இருக்கும், இன்ஃபன்ட்ரி வேணும்னா வேற யூனிட்லருந்து அனுப்பணும். அந்த வருஷம் பிப்ரவரி 26ல ஈராக்ல, 73 ஈஸ்டிங் சண்டைல, கேப்டன் மெக்மாஸ்டரோட ஈகிள் ட்ரூப் மணல்புயலுக்குள்ள ஈராக்கோட சிறப்புப் படையான ரிபப்ளிக்கன் கார்டு மேலயே போய் முட்டி, பெரிய டிவிஷனுக்குக் காத்திருக்காம அவங்களே அடிச்சு முடிச்சதுக்கு இந்தக் கலவை பெரிய காரணம்.

பிராட்லிலயே ரெண்டு வகை இருக்கு, வெளியேருந்து பாத்தா ஒண்ணு மாதிரிதான். எம்2ல பின்னாடி ஆறேழு காலாட்படை வீரர்கள் ஏறுவாங்க, கேவல்ரியோட எம்3ல ரெண்டே ரெண்டு ஸ்கவுட்டுதான் (முன்னாடி போய் வேவு பாக்கறவங்க), மிச்ச எடமெல்லாம் ஏவுகணையும் குண்டும்.

பேர மட்டும் நம்பாதீங்க. நம்ம 16 லைட் கேவல்ரி ஆற்காடு நவாப் படைலருந்து வந்த பழைய ரெஜிமெண்ட், தென்னிந்தியப் பசங்க நெறைய பேர் இருக்கற ரெஜிமெண்ட், 1965 பாகிஸ்தான் போர்ல சியால்கோட் பக்கம் சென்சூரியன் டாங்க்ல போய் சண்ட போட்டவங்க, ஆனா அமைப்புல அது முழு டாங்க் ரெஜிமெண்ட். ஜெய்ப்பூர் 61 கேவல்ரியோ குதிரைப்படை. அதே மாதிரி அமெரிக்கால ட்ரூப்னா ஒரு கேப்டன் கீழ இருக்கற ஒரு கம்பெனி அளவு படை, நம்ம டாங்க் ரெஜிமெண்ட்ல ட்ரூப்னா 3 டாங்க்தான், கணக்கு போடும்போது எந்த நாட்டு ஆர்மின்னு பாத்துக்கோங்க.