கோர்ஸ் எடுத்தாச்சு, வேலை? தொழில் தேர்வில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், ஏ.எல். (உயர்தரம்) முடித்த பிள்ளையிடம் பந்தியில் இருக்கிற நாலு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன படிக்கப் போறீர்?" படித்துவிட்டு எந்த வேலையில் போய் உட்காரப் போகிறீர், அந்த வேலையில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது, பல வீடுகளில் பெற்றோருக்கும் தெரியாது. முதல் தவறு இதுதான், மற்றதில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகிறது. கோர்ஸைத் தேர்ந்தெடுக்கிறோம், வேலையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பெரியப்பாவின் மகன் சீமா என்கிற கணக்கியல் கோர்ஸைச் செய்து நன்றாக இருக்கிறான், ஆகவே இவனும் சீமா. பக்கத்து ஃப்ளாட் பிள்ளை ஐ.டி., ஆகவே நம் பிள்ளையும் ஐ.டி.

கணக்காளர் என்றதும் ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்தான் மனதில் வருகிறார். பட்டயக் கணக்காளராக வேண்டுமென்றால் மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது, பலருக்கு அது ஓடிட்டில்தான், அதாவது மற்றக் கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்ப்பதில்தான் போகும். நம் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது, அன்றைக்கு ஜூனியர் பையன் நிற்கிற இடம் புறக்கோட்டையிலோ பேலியகொடையிலோ ஒரு ஸ்டோர்ஸ். பெயின்ட் டின்னையும் பி.வி.சி. குழாயையும் எண்ணி, பட்டியலில் இருக்கிற எண்ணிக்கையோடு ஒத்துவருகிறதா என்று பார்த்து, ஒத்துவராவிட்டால் ஏனென்று ஸ்டோர்ஸ் கீப்பரிடம் கேட்க வேண்டும். அவருக்கு உங்கள் அப்பாவின் வயது இருக்கும், சிங்களத்தில் எரிந்து விழுவார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வவுச்சர்களும் பில்களும். எண் ஒன்று இடித்தால் உடனே மூக்கில் வியர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சொர்க்கம். மற்றவர்களுக்கு ஆறாவது மாதமே வெறுத்துப்போகும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கடந்தகால வினாத்தாள் செய்து கண்டுபிடிக்க முடியாது.

ஐ.டி.யும் இப்படித்தான். தெமட்டகொடையில் கண்ணாடிக் கட்டடத்தில் நல்ல கோப்பி குடித்துக்கொண்டு வேலை செய்யலாம், உண்மை. ஆனால் உங்கள் டீமின் வாடிக்கையாளர் நியூயோர்க்கில் இருந்தால் அங்கே காலை ஒன்பது மணி இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்கள் நாளைத் தொடங்கும்போது நீங்கள் முடிக்கிற நேரம், மீட்டிங் அப்போதுதான் வைப்பார்கள். 23 வயதில் அது பெரிய விஷயமில்லை, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்போது பெரிய விஷயம்.

ஆகவே கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன், அந்த வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் தாண்டாத இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். "ஃபீல்ட் எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள், "நல்லது, ஸ்கோப் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்கும்போது உங்களுக்குக் கொட்டாவி வருகிறதா, இன்னும் நாலு கேள்வி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த 'ஸ்கோப்' என்கிற சொல்லே ஒரு பொறி. 2022க்கு முந்தைய சில வருடங்கள் கொழும்பில் எங்கே பார்த்தாலும் கிரேன், எங்கே பார்த்தாலும் மாடிக் கட்டடம். அந்த நேரத்தில் கியூ.எஸ்., அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் தொழில் படித்தவனுக்குத்தான் மவுசு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது, டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது, கட்டட வேலைகள் பாதியில் நின்றன. அப்போது கையில் சான்றிதழோடு நின்றவர்களில் பலர் டுபாய்க்கும் கட்டாருக்கும் போனார்கள். கியூ.எஸ். மோசமான தொழில் என்று நான் சொல்லவில்லை, கட்டடம் மறுபடி எழும்பும்போது அவர்களைத்தான் தேடுவார்கள். நான் சொல்வது, இன்றைய ஸ்கோப் நீங்கள் படித்து முடிக்கிற வருடத்து ஸ்கோப் இல்லை என்பதைத்தான். 19 வயதில் தொடங்கி 60இல் முடியும் ஓட்டத்தில் இப்படி நாலைந்து தடவை காற்று மாறும். காற்று மாறினாலும் கூடவே வருகிற திறமைகள் சில உண்டு: தெளிவாக எழுதுவது, கணக்கைப் புரிந்துகொள்வது, ஆட்களைச் சமாளிப்பது, மூன்று மொழியிலும் வேலை பார்ப்பது.

மொழி என்றதும், தமிழ் மொழிமூலம் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை பார்க்கிறவர்களின் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். "சிங்களம் கதைக்க வருமே" என்பார்கள். திரீவீல்காரரோடு பேரம் பேசுகிற சிங்களம் வேறு, ஒரு கடிதத்தை வாசித்துப் பதில் எழுதுகிற சிங்களம் வேறு. அரச வேலையில் மற்ற மொழித் தேர்ச்சியைக் கேட்டே ஆவார்கள். தனியார் கம்பெனியில் யாரும் கேட்க மாட்டார்கள், டீமைப் பொறுப்பெடுக்க ஆள் தேடும்போது உங்கள் பெயர் மட்டும் வராது.

ஏ.எல். பெறுபேறு வந்த அன்றைக்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருப்பது இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தால் மூன்றாவது தடவையும் எழுதுவோம், அதற்கு ஒரு வருடம், டியூசன் காசு வேறு. எழுதுவதில் தப்பில்லை, வேறு வழியே இல்லை என்று நினைத்து எழுதுவதுதான் தப்பு. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கலாம். தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ.வில் ஏழாம் மட்டம் என்பது பட்டத்துக்குச் சமம், இரத்மலானையில் யூனிவொடெக் என்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதற்காகவே இருக்கிறது. வருடக்கணக்கில் வயரிங் செய்கிற ஒருவர் வகுப்புக்கே போகாமல், கையில் இருக்கிற வேலையைச் செய்துகாட்டி என்.வி.கியூ. சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது. கல்யாணப் பந்தியில் இதையெல்லாம் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அர்த்தமுள்ள வேலை வேண்டும் என்கிறவர்கள் பக்கம் வருவோம். அவர்களில் பலர் அதை ஒரு பதவிப் பெயராக நினைக்கிறார்கள்: வைத்தியர், ஆசிரியர், இல்லாவிட்டால் என்.ஜி.ஓ. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் என்.ஜி.ஓ. வேலைகள் கொட்டிக் கிடந்தன, திட்டக் காசு முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது இங்கேயும் பல திட்டங்கள் அப்படியே நின்றன. அந்தத் துறைக்குப் போகிறவர்கள் போகலாம், ஒப்பந்தங்களுக்கு நடுவே ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டிவரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். வங்கிக் கவுண்டரில் இருந்துகொண்டு, படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் கொட்டாஞ்சேனை ஆச்சிக்குத் தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறவரின் வேலையும் அர்த்தமுள்ளதுதான். உங்கள் வேலையால் யாருக்கு என்ன மாறுகிறது, அந்த ஆளை நீங்கள் நேரில் பார்க்கிறீர்களா, இந்த இரண்டையும் கேட்டுப்பாருங்கள். எனக்கென்னவோ இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக எடை. நல்ல காரியம் செய்கிற நிறுவனத்தில் நாள் முழுக்க எக்செல் ஷீட் நிரப்பிச் சலித்துப்போனவர்கள் ஏராளம்.

"எப்படியும் வெளியே போகப் போறேன்தானே" என்று இருக்கிற வேலையை ஏனோதானோவென்று செய்வது 2022க்குப் பிறகு ஒரு தொற்றுபோலப் பரவியிருக்கிறது. விசா ஒரு வருடத்திலும் வரலாம், ஐந்து வருடத்திலும் வரலாம், வராமலும் போகலாம். அங்கே போனாலும் கேட்கப்போவது இங்கே என்ன செய்தீர்கள் என்பதைத்தான். ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் அது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவானதா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் போ, போனதும் மாற்றித் தருவோம் என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கிளம்பி மியன்மாரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் மாட்டியவர்களில் இலங்கையரும் இருந்தார்கள்.

அடுத்தது காசு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், படித்தவர்களே கோட்டைவிடுகிற இடம் இது. கைக்கு வருகிற தொகையை மட்டும் பார்த்து வேலை மாறுவது தவறு. ஒரு கம்பெனி மாதம் 100,000 தருகிறது என்று வையுங்கள். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப்.க்கு உங்கள் பங்கு 8 சதவீதம், ஆகவே வரியை விட்டுவிட்டால் கைக்கு 92,000. கம்பெனி தன் பங்காக 12 சதவீதம் போடும், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்.க்கு இன்னொரு 3 சதவீதம். மொத்தம் 115,000. இன்னொரு கம்பெனி உங்களைக் 'கன்சல்டன்ட்' என்று எடுத்து, ஈ.பி.எஃப். இல்லாமல் 110,000 தருகிறேன் என்கிறது. கைக்கு 18,000 கூட வருகிறது, மனம் துள்ளும், ஆனால் கணக்குப் பார்த்தால் 5,000 நட்டம். பணிக்கொடையை இன்னும் சேர்க்கவே இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் வீதம் ஒவ்வொரு வருடத்துக்கும் கிடைக்கும். 120,000 சம்பளத்தில் ஆறு வருடம் இருந்தவருக்கு 360,000. நாலு வருடம் பத்து மாதத்தில் கடிதம் கொடுத்தவருக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. சண்டை பிடித்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் நாட்காட்டியை ஒரு தடவை பாருங்கள். அப்புறம், அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை அலவன்ஸில் போடுகிற இடங்களும் உண்டு, எந்தத் தொகைக்கு ஈ.பி.எஃப். கட்டுவார்கள் என்று சேர முன்னமே கேளுங்கள்.

கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் அந்த ஈ.பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, பலர் எடுத்து நகையிலோ மண்டபச் செலவிலோ போட்டுவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து மறுபடி வேலைக்கு வரும்போது பூச்சியத்திலிருந்து ஆரம்பம். வேலையை விட்டே ஆக வேண்டுமென்றாலும் அந்தப் பணத்தைத் தொடாமல் விட்டுவைக்கலாம். பழைய மேலாளரோடும் கூட வேலை பார்த்தவர்களோடும் தொடர்பை விடாமல் இருந்தால் திரும்பி வருவதும் சுலபம், அந்த வேலைகள் பலவும் பத்திரிகை விளம்பரத்துக்கே வருவதில்லை.

கடைசியாக 40 வயதுக்காரர்கள். இனி என்ன மாறப் போகிறது என்று இருந்துவிடுகிறார்கள். 2021இல் வந்த சட்டம் தனியார் துறையிலும் ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது, அதாவது 42 வயதில் இன்னும் 18 வருடம் பாக்கி. ஈ.பி.எஃப். ஆண்களுக்கு 55இலும் பெண்களுக்கு 50இலும் கைக்கு வரும், பல வீடுகளில் அது மகளின் கல்யாணத்துக்கோ மகனின் லண்டன் ஃபீஸுக்கோ போய்விடும். அப்படிப் போகத்தான் போகிறது என்று தெரிந்தால், 60க்குப் பிறகு செய்யக்கூடிய வேலையை 45, 50இலேயே சின்னதாகத் தொடங்குங்கள். கணக்காளர் செட்டியார் தெருவில் ஒரு கடைக்கு மாதக் கணக்குப் பார்க்கலாம், ஆசிரியர் சனிக்கிழமை ஒரு வகுப்பு எடுக்கலாம், எஞ்சினியர் வீட்டுத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லலாம். பத்து வருடத்தில் ஏழெட்டு வாடிக்கையாளர் சேர்ந்துவிடுவார்கள். வெளிவேலை செய்யக்கூடாது என்று உங்கள் வேலைக் கடிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பல கம்பெனிகள் போட்டிருக்கும்.