எந்தப் பண்ணை மீன்குஞ்சு நோயைத் தாங்கும்? உங்கள் குட்டையிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

மேச்சேரி, கொளத்தூர் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் குஞ்சில்தான் வந்து நிற்கும். "அந்தப் பண்ணைக் குஞ்சு தாங்குதுங்க, இது மழை பெய்ஞ்சா சரிஞ்சிடுது." இந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஒரே ரோகு கெண்டை மீனிலும் குடும்பத்துக்குக் குடும்பம் நோயைத் தாங்கும் திறன் மாறும், அது வாரிசுக்கும் இறங்கும். புவனேசுவரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஜெயந்தி ரோகுவை முதலில் வளர்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்தது. பிறகு ஏரோமோனாஸ் பாக்டீரியாவைத் தாங்கும் குடும்பங்களையும் பிரித்தெடுத்தார்கள். நார்வே சால்மன் மீனில், கணையத்தை அழிக்கும் ஐபிஎன் வைரஸைத் தாங்கும் திறனில் பெரும்பங்கு 26ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதால், ஜீனைப் பார்த்தே முட்டை தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. மீனை வளர்த்து, எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

முதல் விதி: இரண்டு பண்ணைக் குஞ்சுகளும் ஒரே குட்டையில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு குட்டையில் விட்டால் நீங்கள் சோதிப்பது தண்ணீரைத்தான், மீனை அல்ல.

இரண்டு இடத்திலிருந்தும் ரோகு மட்டும் வாங்குங்கள். ஒரே வயது, ஒரே அளவு, தலா 200 குஞ்சு போதும். வாங்கும்போது விலைக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "எத்தனை ஆண், எத்தனை பெண் தாய்மீன் வைத்துக் குஞ்சு எடுக்கிறீர்கள்?" பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நான் வாங்குவதில்லை; காரணம் கடைசியில் வருகிறது.

அடுத்து அடையாளம் போடுவது. எல்லாரும் திணறும் இடம் இது, நானும் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். ஆராய்ச்சி நிலையங்கள் மீனின் உடலுக்குள் மின்னணுச் சில்லு வைக்கின்றன. நமக்குக் கத்தரிக்கோல் போதும். ஒரு பண்ணைக் குஞ்சுக்கு இடது வயிற்றுத் துடுப்பு, மற்றதற்கு வலது வயிற்றுத் துடுப்பு. ஒரு பக்கத்துக்கு மட்டும் வெட்டி மறுபக்கத்தைச் சும்மா விடக்கூடாது. வெட்டுக்காயமே நோய்க்கு வழி திறக்கும், அந்தச் சிரமம் இரண்டுக்கும் சமமாக இருக்க வேண்டும்.

குஞ்சு 10 செ.மீ. தாண்டிய பிறகு, காலை வெயில் ஏறும் முன் செய்யுங்கள். அரை மில்லி கிராம்பு எண்ணெயைச் சிறு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, 10 லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். குலுக்காமல் ஊற்றினால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் தனியே நிற்கும், மீன் சரியாக மயங்காது. மீன் புரண்டதும் ஈரத்துணியில் மல்லாக்க வைத்து, துடுப்பை விரித்துப் பிடித்து, அடியோடு வெட்டுங்கள். உடம்புத் தோலில் படக்கூடாது. பாதியில் வெட்டினால் முளைத்துவிடும். முளைத்தாலும் துடுப்புக் கதிர்கள் கோணலாக இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். நகவெட்டி வேண்டாம், அது நசுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் வளைமுனைக் கத்தரிக்கோல்தான் சரி. வெட்டிய மீனை உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள், தெளிந்ததும் குட்டையில் விடுங்கள். வலை வாங்கும்போது முடிச்சில்லாததாகப் பாருங்கள். முடிச்சு வலை செதிலை உரித்துவிடும்.

தீவனம், சாணம், சுண்ணாம்பு எல்லாம் வழக்கம்போல.

இனி எண்ணுவது. ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் குளிரத் தொடங்கும் காலம் நல்ல சோதனைக் காலம், புண்நோய் தலைகாட்டுவது அப்போதுதான். ரோகுவில் மீன் பேனும் அதிகம் வரும். செவுள் மூடிக்குப் பின்னாலும் துடுப்பின் அடியிலும் பாருங்கள். பேன் தட்டையாக, கண்ணாடி போலத் தெரியும். செதில் என்று தோன்றினால் விரலால் தள்ளுங்கள், பேனாக இருந்தால் நகரும். ஒருவர் பேன், புண் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் இன்னொருவர் இடதா வலதா என்று பார்த்து எழுத வேண்டும். எந்தப் பண்ணை என்று முன்பே தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும்.

இரண்டிலும் 100, 100 மீன் பார்த்தீர்கள், ஒன்றில் 30க்குப் பேன், மற்றதில் 15 என்று வையுங்கள். இரண்டையும் கூட்டுங்கள்: 45. அதன் வர்க்கமூலம் சுமார் 6.7, இரட்டித்தால் 13.4. வித்தியாசம் 15, அதைவிட அதிகம். ஆகவே இதைப் பொருட்படுத்தலாம். 25க்கு 15 என்றால் வித்தியாசம் 10, கிடைப்பது 12.6. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடைசி அறுவடையில் எந்தப் பக்கம் எத்தனை மீன் குறைந்தது என்பதையும் இதே கணக்கில் போடுங்கள்.

சோதனைக்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். புண் கண்டால் எண்ணி முடித்ததும் முழுக் குட்டைக்கும் வைத்தியம் செய்யுங்கள். புண்நோய் மருந்தான சிஃபாக்ஸ் என்றால் ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு 1 லிட்டர்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

வித்தியாசம், குஞ்சை முதலில் வளர்த்த நர்சரிக் குட்டையின் கவனிப்பால் வந்திருக்கலாமே என்று ஓமலூரிலிருந்து ஒருவர் கேட்டார். வரலாம், மிக நல்ல கேள்வி. அதனால்தான் ஒரே ஒரு தொகுப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்த பருவத்தில் அதே பண்ணைகளிலிருந்து வேறு தொகுப்பு வாங்கித் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் அதே பக்கம் ஜெயித்தால்தான் பரம்பரைக் குணம் என்று நம்ப இடமிருக்கிறது.

ஏற்காட்டில் தொட்டி வைத்திருக்கும் ஒரு அக்கா, விராலையும் சாதா கெண்டையையும் இப்படி ஒப்பிடலாமா என்றார். வேண்டாம் அக்கா. புண்நோய் விராலைக் கடுமையாகத் தாக்கும், சாதா கெண்டை பெரும்பாலும் தப்பிவிடும் என்பது தெரிந்ததே. இந்தச் சோதனை ஒரே இனத்துக்குள் பார்ப்பதற்கு. மலைக் குளிருக்குச் சாதா கெண்டையே நல்லது, இரண்டு பண்ணைச் சாதா கெண்டையை விட்டுப் பாருங்கள்.

ஜெயித்த மீனையே தாய்மீனாக வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்டார்கள். 5 ஆண், 5 பெண் வைத்துக் குஞ்சு எடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மீன்கள் சேர்வது, 5 சதவீதம் ஏறும். 25 ஆண், 25 பெண் என்றால் 1 சதவீதம். ஒரு பண்ணைக்குட்டையில் அத்தனை தாய்மீனைப் பராமரிக்க முடியாது. உங்கள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தக் குஞ்சு தந்த பண்ணைக்குப் போய், அதே தாய்மீன் கூட்டத்தின் குஞ்சை அடுத்த பருவத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.